அண்ணன் காட்டிய மூன்று இல்லங்கள்

என் அண்ணன் ஒரு பெரிய அலுவலகத்தில் கேன்டீன் மேனேஜர். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள் என்று சொல்லும் புத்தகங்கள் என்றால் அவனுக்கு உயிர். படித்ததைச் சும்மா வைத்திருக்கவும் மாட்டான். கேன்டீனில் பழங்களைக் கண்ணுக்கு நேரே வைத்தான், கேக்கை மூலைக்குத் தள்ளினான். பழம் இரண்டு மடங்கு போனது. அன்றிலிருந்து ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை. என் வீட்டுக்கு வந்தால்கூட பிஸ்கட் டப்பாவை இடம் மாற்றிவிட்டுத்தான் உட்காருவான். அண்ணி அவனுக்கு வைத்த பெயர் புரொபசர்.

அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருந்தாள். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு தப்பியது. ஆனால் இனிமேல் தனியாக இருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கே இருப்பது என்பதுதான் கேள்வி.

"நாம சொன்னா அடம் பிடிப்பா. அவளே தேர்ந்தெடுத்த மாதிரி இருக்கணும். நீ சும்மா கூட வா, போதும்" என்றான் அண்ணன்.

ஒரே நாளில் மூன்று முதியோர் இல்லங்களைக் காட்டினான். முதலாவதில் சுவரெல்லாம் ஈரம், ஜன்னல் திறக்கவில்லை. இரண்டாவதில் நீச்சல் குளம்கூட இருந்தது. கட்டணத்தைக் கேட்டதும் எனக்கே தலை சுற்றியது. மூன்றாவது பளிச்சென்று, அளவாக, மரத்தடியில் பெஞ்சோடு இருந்தது. அங்கே அறையை அவன் போன வாரமே பேசி முடித்திருந்தது எனக்குத் தெரியும்.

பெஞ்சில் உட்கார்ந்து அம்மா முழங்காலை நீவிவிட்டுக்கொண்டாள்.

"எதும்மா பிடிச்சிருக்கு?" என்றான் அண்ணன்.

அம்மா சிரித்துவிட்டாள். "முப்பது வருஷம் செருப்புக்கடையில நின்னவடா நான். மொதல்ல காலைக் கடிக்கிற ஜோடி, அப்புறம் வாங்கவே முடியாத ஜோடி, கடைசியா நாம தள்ளிவிட நினைக்கிற ஜோடி. இதுக்கெல்லாமா புத்தகம் போடுறாங்க?"

அண்ணன் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினான்.

"மூணாவதே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆனா உங்க ரெண்டு பேர் வீட்டையும் இதோட சேத்துக் காட்டியிருக்கலாம். நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. 'வாம்மா, எங்க வீட்டுக்கு' என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் சொல்வான் என்று நான் பார்த்தேன். நான் சொல்வேன் என்று அவன் பார்த்தான். அம்மா எழுந்து, கையெழுத்துப் போட ஆபீஸ் ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.