நோட்டை மூடச் சொன்ன குற்றம்

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஆவுடையார்கோவிலில் ஒருநாள் பயிற்சி. படித்ததையே திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால்தான் மனதில் தங்கும், சில நாள் விட்டு மறுபடி எழுதினால் இன்னும் தங்கும் என்று ஆராய்ச்சி சொல்கிறதாம். இதை ஓர் அதிகாரி ஆறு மணி நேரம், திரையைப் பார்த்துப் படித்தார். கடைசியில் 'நான் கற்றவை' என்றொரு படிவம். முன்வரிசை ஆசிரியை எழுதியதை மொத்தக் கூடமும் காப்பியடித்தது. நான் அவருடைய பள்ளியின் பெயரையும் சேர்த்துக் காப்பியடித்துவிட்டேன்.

ஆனாலும் விஷயம் பிடித்துப்போனது. பத்தாம் வகுப்பில் தினமும் முதல் ஐந்து நிமிடம் நோட்டை மூடச் சொன்னேன். ஒரு துண்டுத்தாள். நேற்று நடத்தியதில் ஒரு கேள்வி, போன வாரத்தில் ஒன்று. மார்க் கிடையாது. கைடைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலையையும் குறைத்துவிட்டேன்.

கட்டுமாவடியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் காலாண்டில் அறிவியலில் பதினெட்டு மார்க் வாங்கியிருந்தாள். அரையாண்டிலும் தேறாவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனி என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இரண்டே மாதத்தில் அவள் துண்டுத்தாள் இருபுறமும் நிரம்ப ஆரம்பித்தது.

அப்போதுதான் ஆய்வுக்கு வந்தார், அதே அதிகாரி. நோட்டுகளைப் புரட்டினார்.

"என்ன சார், பாதி நோட்டு காலியா கெடக்கு?"

அவளை எழுப்பி, இதயத்தில் ரத்தம் போகும் வழியைக் கேட்டார். நான்கு அறையையும் வரிசை பிசகாமல் சொன்னாள்.

"சரி, இத எங்க எழுதி வச்சிருக்க?"

"எங்கயும் இல்ல சார். தெரியும்."

"தெரிஞ்சா போதுமா? நாளைக்கு மேல கேட்டா எதக் காட்டுறது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மூணு வாரத்துல திரும்ப வாரேன்."

இது நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் முழுசாக இருந்தது. வெளியே வந்தது வேறு.

"முடிச்சிர்றோங்க சார்."

துண்டுத்தாள் நின்றது. மூன்று வாரம் வகுப்பே குனிந்து கைடைப் பார்த்து எழுதியது. நான் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். அந்த வேகத்தில் பாடம் நடத்தியிருந்தால் இரண்டு வருடப் பாடம் முடிந்திருக்கும். அவர் வந்தார், பார்த்தார், பூரித்தார்.

அரையாண்டுத் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தவளைக் கேட்டேன். "எப்புடிம்மா எழுதுன?"

"எந்தப் பக்கத்துல எழுதுனேன்னு கண்ணுக்குள்ள தெரியுது சார். என்ன எழுதுனேன்னுதான் வரல."

தேறுவதற்கு நான்கு மார்க் குறைவு. பொங்கல் லீவுக்குப் பிறகு அவள் வரவில்லை.

அவள் நோட்டு என் மேசையில் கிடக்கிறது. ஒரு பக்கம்கூடக் காலியில்லை. கடைசிப் பக்கத்தில் அதிகாரி 'மிக நன்று' என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே என் கையெழுத்து.