பேச்சியக்காவோடு ஓடிய காலைகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் சங்குமுகம் கடற்கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தோம். ஷீபாவின் கைபேசி அடித்தது. ஓடும்போது அவள் எடுப்பதில்லை, அன்று எடுத்தாள். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஷீபாதான் இப்போது எனக்கு வழி சொல்லிக்கொண்டு ஓடுகிறாள். எங்கள் இருவர் மணிக்கட்டையும் இணைத்திருந்த நாடா மெல்லத் தளர்ந்தது, அவள் நின்றுவிட்டாள். பேசுவது பேச்சியக்காவின் மகன் என்று புரிந்தது. பேசி முடித்ததும் ஷீபா மலையாளத்தில், "சேச்சி போயி," என்றாள். அக்கா போய்விட்டார். சாலையோரத்தில் இருவரும் அப்படியே நின்றோம்.

நம் ஓட்டக் குழுவில் பேச்சியம்மாளைத் தெரியாதவர்கள் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, கணவருக்குப் பிறகு சாலை என்னும் கடைத்தெருவில் பாத்திரக்கடையைத் தனியாக நடத்தியவர். சர்க்கரை கூடிவிட்டது, நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதால் நம் குழு ஓடும் மியூசியம் பக்கம் வந்தார். ஒரு மாதத்திலேயே ஓட ஆரம்பித்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "நடந்தா கட நெனப்பும் கூடவே வருது. ஓடுனா அது பின்னால நின்னுருது, கேட்டோ," என்பார்.

நான் அப்போது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். ஸ்ரீவராகத்தில் பிறந்து வளர்ந்து, வங்கியில் வேலைக்கும் போகிற என்னிடம் யாரும் அதுவரை கேட்காத ஒன்றை அவர் கேட்டார்: ஓடணும்னு ஆசை இல்லையா? அடுத்த வாரம் பாவாடை நாடாவை நாலாக மடித்துத் தைத்துக் கொண்டுவந்தார். ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில். முதல் நாள் பயத்தில் என்னை மாட்டை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டே போனார். "இழுக்காதீங்கோ அக்கா, பள்ளம் மேடுன்னு சொன்னாப் போறும். நான் வந்துடுவேன்," என்றேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் இழுத்ததில்லை.

கல்லாற்றிலிருந்து பொன்முடி மலைச் சாலையில் ஏறும் ஓட்டத்துக்கு நான் பெயர் கொடுத்தபோது குழுவின் செயலாளர் சம்மதிக்கவில்லை. வளைவுகள், வண்டிகள், மழை. ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேச்சியக்கா சண்டை போடவில்லை. தன் பெயரையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் குழுவின் மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பெயரையும் எடுக்கச் சொன்னார்கள். கடைசியில் செயலாளர் இறங்கிவந்தார். ஜீப்பில் எங்கள் பின்னாலேயே வருவேன் என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை.

அவர் பயந்தபடியே நடந்தது. தூறலில் ஒரு வளைவில் வழுக்கி விழுந்தேன். முழங்காலில் தோல் உரிந்து எரிந்தது. ஜீப் நின்று, கதவு திறந்து, ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. பேச்சியக்கா என்னைத் தொடவில்லை.

"அவ எந்திக்கட்டும் சார்," என்றார். "இப்ப நாம தூக்கிவிட்டா, அடுத்த வருசம் வேண்டாம்னு நீங்க சொல்லுவீங்க. நானும் ஒருவேள சொல்லிருவேன்."

நான் எழுந்தேன். அங்கிருந்து முடிவுவரை செயலாளர் ஜீப்பில் ஏறவில்லை. எங்களோடு நடந்தே வந்தார்.

பேச்சியக்காவுக்கு நோய் வந்ததை நான் முதலில் உணர்ந்தது நாடாவில்தான். எப்போதும் அரையடி முன்னால் இருக்கும் அவர் கை மெல்ல என் கைக்குச் சமமாக வந்தது. பிறகு பின்தங்கியது. கேட்டால், கடையில் வேலை ஜாஸ்தி, தூக்கமில்லை என்றார். டாக்டரிடம் போகச் சொல்லி எத்தனையோ முறை கெஞ்சினேன். கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது அது மற்ற இடங்களுக்கும் பரவியிருந்தது.

சிகிச்சை தொடங்கும் முன் ஒரு காலை பேச்சியக்கா, பள்ளி ஆசிரியையான ஷீபாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஓட அவருக்குத் தெம்பில்லை. எங்கள் கூடவே கொஞ்சதூரம் நடந்து, நின்று, மறுபடி நடந்தார். "கையப் பிடிக்காத. பள்ளம் வருதா, மேடு வருதான்னு மட்டும் சொல்லு. பாக்கிய அவ பாத்துக்கிடுவா," என்று சொல்லி, தன் கையிலிருந்த முனையை அவிழ்த்து ஷீபாவின் கையில் கட்டினார். முடிச்சுப் போட அவருக்கு நேரம் பிடித்தது. அன்று கற்ற தமிழில்தான் ஷீபா இன்றும் "பள்ளம்", "மேடு" என்கிறாள்.

மருத்துவமனைக்குத் தினமும் அலுவலகம் முடிந்து போவேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஞாயித்துக்கெழம காலைல மட்டும் வராத மீனா. அந்நேரம் நீ ஓடுதேன்னு நெனச்சாத்தான் எனக்கு இங்க படுத்துக்கெடக்க முடியும்."

அதனால்தான் அவர் போன நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை. அவர் சொன்னபடிதான் செய்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

நினைவுக் கூட்டத்தில் வைக்க எந்தப் படத்தைப் பெரிதாக்குவது என்று அவர் மகன் கேட்டபோது குழுவினராகிய உங்களோடு நானும் இருந்தேன். கடையில் எடுத்ததா, மலையில் எடுத்ததா என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். என்னிடம் அவர் முகம் இல்லை. ஏற்றத்தில் ஏறும்போது அவர் விடும் மூச்சுதான் இருக்கிறது. மூக்கால் சின்னதாக இரண்டு இழுப்பு. பிறகு வாயால் நீளமாக ஒன்று விடுவார், அது முடியும்போது தொண்டையில் 'ம்' என்று ஒரு சத்தம். எத்தனை பேர் கூட ஓடினாலும் அதை நான் பிரித்து அறிவேன்.

போன வாரம் கவடியார் சாலையில் ஷீபா, "மேடு," என்றாள். ஏறத் தொடங்கினோம். பாதி ஏறியதும் அந்த மூச்சு தெளிவாகக் கேட்டது. என்னையறியாமல் பக்கத்தில் திரும்பினேன். இரண்டு இழுப்பு, நீளமாக ஒன்று, கடைசியில் அந்த 'ம்'. மூச்சு விட்டுக்கொண்டிருந்தது நான்தான்.