ராஜா பெயர் வைத்த பிள்ளை

மலாயாவில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காடு வெட்டப் போன லெட்சுமணன் காய்ச்சலில் செத்தபோது, அவன் மனைவி அங்கம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. பிள்ளைக்கு அதை வைத்துவிட்டால் கூலிகள் குடியிருக்கும் லயமே கூப்பிடும், காதாரக் கேட்கலாம் என்று இருந்தாள்.

மகன் பிறந்தது 1911 ஜூனில், லண்டனில் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய வாரம். தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையிடம் நல்ல பெயர் வாங்க, கணக்கெழுதும் கிராணி சபாபதி பதிவேட்டில் ‘ஜார்ஜ்’ என்று தானே எழுதிவிட்டார். அங்கம்மா காலில் விழுந்தாள்.

“ஐயா, அவுங்கப்பா பேரு வைக்கணுங்க.”

“செத்த கூலி பேரு எதுக்கு? வேற பேரு சொல்லிக் கூப்பிட்டா லயத்தக் காலி பண்ணு.”

எழுந்து போனாள். அழவில்லை. மூன்று வருஷம் பொறுத்தாள். பிள்ளை வாசலில் ஓடியாடத் தொடங்கியதும், கிராணி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் குரலை உயர்த்தினாள்.

“ஜார்ஜு, ஊரான் சொத்தத் திங்கிற பேயே, இங்க வாடா!”

லயத்துப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். தொரை காதில் விழுமோ என்று கிராணி சுற்றுமுற்றும் பார்த்தார்.

“வாய மூடு அங்கம்மா.”

“வேற பேரு சொல்லக் கூடாதுன்னீங்களே?”

வீட்டுக்குள் போனதும் பிள்ளையை மடியில் இழுத்துக்கொள்வாள். “ஒன்னையில்ல ஐயா” என்று முதுகைத் தடவுவாள்.

அந்த வருஷமே ராஜாவுக்கும் ஜெர்மனிக்கும் சண்டை மூண்டது. சிலோனில் பத்து வருஷம் இருந்த தொரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். குதிரையில் அவர் லயத்துக்குள் வருவதைப் பார்த்தபிறகுதான் அங்கம்மா வாயைத் திறந்தாள்.

“ஜார்ஜு, ஒன் தலையில இடி விழ!”

குதிரை நின்றது. “யாரைத் திட்டுறே?”

“எம் மவனங்க. கிராணி ஐயா வச்ச பேரு. வேணாம்னு கால்ல விழுந்து பாத்தேன்.”

தொரை கிராணியைப் பதிவேட்டோடு அங்கேயே வரவழைத்தார். சண்டைக் காலத்தில் ராஜா பெயர் லயத்தில் வசைபடுவதா? கிராணி சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. பதிவேட்டில் ‘ஜார்ஜ்’ என்பதை அடித்துவிட்டுச் சரியான பெயரைக் கேட்டார். அங்கம்மாவுக்கு நாக்கு எழவில்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளிதான் சொன்னாள்: “லெட்சுமணன்.”

மாதம் முடிவதற்குள் கிராணிக்கு வேலை போயிற்று. மாட்டுவண்டியில் குடும்பத்தோடு ஸ்டேஷனுக்குப் போனவர் அவளைக் கண்டு வண்டியை நிறுத்தினார்.

“ஒரு பேருக்காகவா எம் பொழப்புல மண்ணப் போட்ட?”

“ஆமாங்க” என்றாள் அங்கம்மா.

மனசு ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள், ஆறவில்லை. வண்டிக்குள் அவர் மனைவி விசும்புவது கேட்டது. அது தேயும்வரை நின்று கேட்டாள்.