புகைக்குள் போன கூட்டம்

ஹெஷி பொமரன்ஸைப் போல வேகமாக மை போடுகிறவன் நியூயார்க்கில் எவனும் இல்லை. அந்த வேகத்தின் லட்சணம் அவனோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காமிக்ஸ் பக்கத்தை ஒருவன் பென்சிலில் வரைந்து கொடுப்பான். அதன்மேல் தூரிகையால் கறுப்பு மை ஏற்றி அச்சுக்குத் தயார் செய்வது ஹெஷியின் பிழைப்பு. பென்சில்காரன் இருபது பேரை வரைந்தால் ஹெஷியின் கையில் ஐந்து பேர் தேறுவார்கள். மிச்சப் பேரை ரப்பர் தின்றுவிடும். ஆபீஸில் அவனுக்கு 'ரப்பர்' என்றே பட்டப்பெயர். அவனும் அதைக் கேட்டு இளித்துக்கொண்டு வளைய வருவான்.

அந்த வருஷம் கதாநாயகன் கேப்டன் சைரனுக்கும் வில்லன் ஈயப் பிரபுவுக்கும் கடைசிச் சண்டை வந்தது. வருஷக்கணக்காக மாதா மாதம் மோதிக்கொண்டவர்கள். இந்தத் தடவை பிரபு நிஜமாகவே சாகிறான், திரும்பி வரவே மாட்டான் என்று ஆசிரியர் சத்தியம் செய்திருந்தார். பென்சில்காரன் ரோக்கோ லொடாட்டோ இரண்டு பக்கத்தைச் சேர்த்து ஒரே படமாக வரைந்திருந்தான். நடுவில் எதிரிகள் இருவர். சுற்றிலும் புரூக்ளின் தெரு கொள்ளாத ஜனம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும். ஹெஷிக்கோ அன்று மத்தியானம் குதிரைப் பந்தயம். கூட்டத்தைப் பார்த்ததுமே ரப்பரைக் கையில் எடுத்தான். படத்தில் ஓரமாக இருந்த கட்டடத்தை இடித்துத் தெரு முழுக்கப் புகையைக் கிளப்பிவிட்டான். புகைக்கு மை போட எவ்வளவு நேரம் பிடிக்கும்? ரப்பர் துகளை ஊதித் தள்ளிவிட்டுப் பந்தயத்துக்கு ஓடினான்.

புத்தகம் வெளிவந்ததும் ரோக்கோ சண்டைக்கு வருவான் என்று ஹெஷி பதிலோடு காத்திருந்தான். ரோக்கோ குரலே உயர்த்தவில்லை.

"அந்தக் கூட்டத்துல எங்கப்பா இருந்தாரு, அண்ணே" என்றான்.

மற்றதை ஆபீஸில் மற்றவர்கள் சொன்னார்கள். அப்பா நுன்சியோ, புரூக்ளினில் பென்சன்ஹர்ஸ்ட் பக்கம் சலூன் வைத்திருப்பவர். மகன் பொம்மை வரைந்து பிழைப்பதைக் கேவலமாக நினைத்தவர். கத்தரிக்கோலும் கையுமாக உங்களை வரைந்திருக்கிறேன் என்று மகன் சொன்னதும், மனிதர் தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாராம். மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று ஹெஷி சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனான்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்த இரண்டு பக்கங்களும் ஒட்டியிருந்தன. அவன் வாய் திறப்பதற்குள் நுன்சியோ நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைக் கட்டிவிட்டார். பெஞ்சில் காத்திருந்த கிழவர்களுக்குப் புகையைச் சீப்பால் தொட்டுக் காட்டினார்.

"நான் இதுக்குப் பின்னாலதான் நிக்கிறேன். சண்டைன்னா புகை வரத்தானே செய்யும்னு பையன் சொல்றான்."

"புகை கலையட்டும் நுன்சியோ, அப்புறம் பார்த்துக்கறோம்" என்றார் ஒரு கிழவர். மற்றவர்கள் கண்ணடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பக்கத்துக்கு மை போட்டவன் நான்தான் என்று ஹெஷி ஆரம்பித்தான். மன்னிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் நுன்சியோவின் முகம் மலர்ந்தது.

"நீங்களா? அப்ப என்னைப் பார்த்திருப்பீங்களே. இவங்ககிட்டச் சொல்லுங்க தம்பி."

கடையே அவனைப் பார்த்தது. அவன் அந்தக் கூட்டத்தில் ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆயுசில் தோன்றியதும் இல்லை.

"பார்த்தேங்க. முன்வரிசையில நின்னீங்க. அச்சு அசல் நீங்கதான்."

"கத்தரிக்கோல் எந்தக் கையிலய்யா?" என்றார் அந்த வாய்க்கொழுப்புக் கிழவர்.

ஹெஷி எதிரே கண்ணாடியில் தெரிந்த நுன்சியோவைப் பார்த்தான். எதிரில் நிற்கிற ஆளைக் காகிதத்தில் பார்த்துப் பழகிய கண் சட்டென்று சொல்லிவிட்டது.

"வலது கையில."

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கத்தரிக்கோல் அவனுடைய இடது காதோரம், நுன்சியோவின் இடது கையில் இருந்தது. மனிதர் இடதுகைக்காரர். பாவி, அதைக்கூடப் பார்க்கத் தெரியவில்லை. ஹெஷிக்கு அந்தத் துணிக்குள்ளேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

"இவர் சொல்றது சரிதான்" என்றார் நுன்சியோ, பெஞ்சைப் பார்த்து. "பையன் சின்ன வயசுல இந்த நாற்காலியில உட்கார்ந்து என்னைக் கண்ணாடியிலதான் பார்த்திருக்கான். அப்படியே வலது கையாப் போட்டுட்டான்."

கிழவர்கள் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்கள். நுன்சியோ மறுபடி வெட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவன் காதருகே குனிந்தார்.

"நீங்க பார்க்கலை, இல்ல?"

ஹெஷி இல்லையென்று தலையசைக்கப் போனான். இரண்டு விரல்கள் அவன் தலையை நேராகப் பிடித்து நிறுத்தின.

"ஆட்டாதீங்க. காது போயிடும்."

முடித்துவிட்டு, பின்கழுத்தைக் காட்டச் சின்னக் கண்ணாடியைப் பிடித்தார். ஹெஷி குனிந்தபடியே நல்லா இருக்கு என்றான்.

"பார்த்துட்டுச் சொல்லுங்க தம்பி" என்றார் நுன்சியோ.

அவன் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் அவர் கண்ணாடியை இறக்கவில்லை.