மாப்பிள்ளையின் நிரந்தர முகவரி

மாமியை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை. கதவின் விளிம்பைப் பிடித்திருக்கும் விரல்கள்தான் வருகின்றன; மருதாணி மங்கிப்போன, மீன் நறுக்கிக் காய்த்த விரல்கள். என் மனைவியின் தாயார் அவர். எங்கள் தெரு முஸ்லிம் வீடுகளில் அந்தக் காலத்து மாமியார்கள் மருமகன் எதிரில் வந்து நிற்க மாட்டார்கள். நான் சாப்பிட உட்கார்ந்தால், கதவுக்குப் பின்னாலிருந்து "மாப்புளைக்கு இன்னொரு துண்டு கொடுவா மீனு வையி" என்று மகளுக்கு உத்தரவு வரும். "போதும் மாமி" என்று நான் கதவிடம் சொல்வேன். ஒரு கதவை இவ்வளவு மரியாதையாக நடத்திய ஆள் காரைக்காலில் நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் ஆட்களிடம் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு அவள் வீட்டுக்கு வருவான். வாப்பா அப்படித்தான் என் உம்மாவின் வீட்டுக்கு வந்தார். பிறகு அந்த வீடு என் லாத்தாவுக்குப் போனது; அக்காள் புருஷன் பெட்டியோடு உள்ளே வந்தார். என் முறை வந்தபோது நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே தெருவில் சற்றுத் தள்ளியிருந்த மனைவி வீட்டுக்குக் குடிபோனேன். அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. விருந்தாளிக்கு என்ன குறை இருக்க முடியும்? ஆனாலும், மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பேன்.

எழுபதுகளின் கடைசியில், மனைவியையும் சின்ன மகளையும் அந்த வீட்டில் விட்டுவிட்டு பிரான்சுக்குப் போனேன். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப்போய் எவ்வளவோ காலம் கழித்து, அவர்கள் மறந்து வைத்துவிட்டுப் போன எதையோ கொடுக்கப் போகிறவன் மாதிரி நான் பின்னாலேயே போனேன். பாரிஸுக்கு வெளியே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பேச ஆள் இருக்காது. திங்கட்கிழமை கிடங்கில் முதல் வார்த்தை பேசும்போது, யாரோ பேசுவது போல என் குரல் எனக்கே கேட்கும். ஊரில் நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். அங்கே என் வேடிக்கைப் பேச்சைக் கேட்கச் சுவர்தான் இருந்தது. அதுவும் பிரெஞ்சுச் சுவர்.

சில வருஷம் அப்படி ஓட்டிய பிறகு நிரந்தரமாகத் தங்கும் அட்டைக்கு விண்ணப்பித்தேன். அது கிடைத்தால் வருஷா வருஷம் அனுமதி கேட்டு வரிசையில் நிற்க வேண்டாம், வேலைக்கும் பயமில்லை, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது எல்லாம் சரியாக இருந்தன. அலுவலகத்து அம்மையார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "உங்கள் மனைவி அங்கே. மகள் அங்கே. வீடும் அங்கே. இங்கே நீங்கள் வேலைதானே பார்க்கிறீர்கள்? நிரந்தரமாக இருப்பீர்கள் என்று எதை வைத்து நம்புவது?" குடும்பம் வருவதாக இருந்தால் விஷயம் வேறு என்றார்.

லீவு வாங்கிக்கொண்டு ஊருக்கு ஓடினேன். சாப்பிடும்போது, மனைவியையும் மகளையும் அழைத்துப் போகும் பேச்சை மெல்ல எடுத்தேன். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து நடக்காத ஒன்று நடந்தது. மாமி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்து என் எதிரில் நின்றார்.

"மாப்புள, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அங்க வூடு யாரு பேர்ல இருக்கு?"

"வாடகை வீடு மாமி. ஒரு வெள்ளக்காரரோடது."

"இங்க ஒரு சண்ட சச்சரவுன்னா நீங்கதான் எந்திரிச்சு வெளிய போவீங்க. ராத்திரி சோத்துக்கு வந்துடுவீங்க. அங்க சண்டன்னா எம்மவ எங்கங்க போவா?"

"நாங்க சண்டையே போட மாட்டோம் மாமி."

"நேத்துதான போட்டோம்!" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. மாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டுக்குள் அந்தச் சிரிப்பைப் பார்த்ததோடு சரி. பதில் மாறவில்லை.

புறப்படுகிற அன்று காலையில் என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தபடி மனைவி சொன்னாள்: "ஒங்கக்கூட வரணும்னுதாங்க இருக்கு. ஆனா அங்க நான் விருந்தாளி மாரி இருக்கணும்ல? அது எப்புடி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

பெட்டியைப் பூட்ட அவளுக்கு உதவினேன்.

திரும்பிப் போனதும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதே அம்மையார். குடும்பம் வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன்: பிறந்த வீடு லாத்தாவுடையது, இருந்த வீடு மாமியுடையது, அது மனைவிக்குப் போகும், பிறகு மகளுக்குப் போகும், எங்கள் பரம்பரையில் ஆம்பிளைக்கு வீடே கிடையாது என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் அங்கே உங்களுக்கென்று இடமே இல்லையா?"

"இல்லை."

"இங்கே உள்ள அந்த ஓர் அறைதானா?"

"ஆமாம், அதுதான்."

அவர் என் காகிதங்களை எடுத்து, கையெழுத்துக்குப் போகும் அடுக்கில் வைத்தார். அந்த நாட்டில் என்னை யாரும் அவ்வளவு இரக்கமாகப் பார்த்ததில்லை. வெளியே வந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், பேருந்துக்குக் காத்திருந்த ஒரு கிழவரிடம் "கிடைத்துவிட்டது" என்றேன். அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தன் பேருந்தில் ஏறிப் போனார்.

எங்கள் தெருமுனை ஜவுளிக்கடைக்குப் போன் போட்டு மனைவியை வரவழைத்தேன்.

"கார்டு கெடச்சிடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்! நாங்க வராமலே எப்புடி குடுத்தாங்க?"

"எனக்கு வேற வீடு இல்லேன்னு சொன்னேன். குடுத்துட்டாங்க."

கடைக்குள் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"அப்புடியா சொன்னீங்க?" என்றாள்.

மாமி இப்போது இல்லை. வீடு மனைவி பேருக்கு வந்துவிட்டது; நான் வருஷத்துக்கு ஒருமுறை போய் வருகிறேன். பத்து வருஷத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்கும்போது, வேறு எங்காவது வீடு உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். பிறகு ஊருக்குப் போன் செய்து, புதுப்பித்தாகிவிட்டது என்று மட்டும் சொல்வேன். எப்படிக் கொடுத்தார்கள் என்று அவள் கேட்பதில்லை.