மூன்று விளக்கோடு புனே போய் வந்தேன்

2008 பிப்ரவரி, ஒரு வியாழக்கிழமை, பகல் ஒரு மணி. அரக்கோணம் ஸ்டேஷனில் மும்பை வண்டிக்காக நின்றிருந்தேன். எதிரே சிக்னல் கம்பத்தில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தன. கம்பத்தில் இருந்தது ஒன்றுதான். மீதி இரண்டும் என் வலது கண்ணின் சொந்தத் தயாரிப்பு.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஊருக்குப் போகலாம். கெரட்டோகோனஸ் என்று பெயர். கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழிப் படலம் மெலிந்துகொண்டே போய்க் கூம்பாக முன்னால் தள்ளும். ஒன்று பலவாகத் தெரியும். என் இடது கண்ணில் அது தன் வேலையை முடித்துத் தழும்பும் போட்டுவிட்டது; அதற்கு இனி வேறொருவர் படலத்தை எடுத்து வைத்தால்தான் உண்டு. மிச்சம் இருந்தது வலது கண். எனக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் வேலை. பதப்படுத்திய தோலை மேசையில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட கீறல் எல்லாம் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். ஒரு தழும்பை மூன்றாகப் பார்த்தால் என்ன ஆகும்? நல்ல தோலையெல்லாம் கழிசலில் தள்ளிக்கொண்டிருந்தேன். முதலாளி நல்ல மனிதர், கொஞ்ச நாள் பொறுப்பதாகச் சொன்னார்.

வேலூர் டாக்டர் சொன்ன வைத்தியம் அப்போது புதிது. படலத்தின் மேல்தோலைச் சுரண்டி எடுத்து, மஞ்சள் சொட்டு மருந்தை ஊறவிட்டு, ஊதா வெளிச்சம் காட்டுவார்கள். உள்ளே இருக்கும் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகும். அதன்பின் கூம்பு வளராது. வளராது, அவ்வளவுதான், போன பார்வை திரும்பி வராது என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார். சென்னையில் முறை வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அவருடன் படித்த டாக்டர் ஒருவர் புனேயில் இருந்தார். அங்கே ஊதா வெளிச்சக் கருவி மும்பையிலிருந்து மாதம் ஒருமுறை, சனி, ஞாயிறு மட்டும் வரும். புனேயில் எனக்கு ஓர் அத்தையும் இருந்தாள். ஆகவே புனே.

அரக்கோணத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான் போட்டுக்கொண்டிருந்த பழைய கான்டாக்ட் லென்ஸ் இப்போது சரியாகப் பொருந்தவில்லை; சோதனைக்கு முன் அதையும் போடக்கூடாது என்பதால் இரண்டு வாரமாக வெறுங்கண். எனவே வழியில் கண்ட இயற்கைக் காட்சிகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். கடப்பை வரை மலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எத்தனை மலை என்று நான் உறுதி சொல்ல முடியாது. குண்டக்கல்லில் இரவுச் சாப்பாடு, புளிசாதம், பதினைந்து ரூபாய், உப்பு தூக்கல். விடியும்போது தவுண்டில் குளிரடித்தது. போர்வை கொண்டுவராதவர்களின் பட்டியலில் நானும் இருந்தேன்.

வெள்ளி, காலை ஏழரை. புனே ஸ்டேஷனிலிருந்து விஷ்ராந்த்வாடிக்கு ஆட்டோ. இந்த ஊர் ஆட்டோக்களில் மீட்டர் காட்டுவது ஒரு தொகை, கொடுக்க வேண்டியது வேறு தொகை. எவ்வளவு என்பது டிரைவர் சட்டைப்பையில் உள்ள ஓர் அட்டையில் அச்சாகியிருக்கும். அட்டை எழுத்து எறும்பு அளவு. எனக்கு அது எறும்புக் கூட்டமாகத் தெரிந்தது. டிரைவர் "பாஸட்" என்றார். அறுபத்திரண்டு என்பது தெரியாமல் நான் விழித்தேன். அதற்குள் வாசலுக்கு வந்த தேவகி அத்தை அட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கி, விரல் வைத்துத் தேடிப் படித்தாள்.

"சரியாத்தான் சொல்றான்," என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

தேவகி அத்தை என் அப்பாவின் சித்தப்பா மகள். கல்யாணமாகி ஆற்காட்டிலிருந்து வந்து முப்பது வருஷம். மாமாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, பேச்சு குறைவு. வீட்டில் பேசுவதையும் சேர்த்து அத்தையே பார்த்துக்கொள்கிறாள். அவள் தமிழில் ஆற்காடு அப்படியே இருக்கிறது, காய்கறியும் கடைவீதியும் மட்டும் இந்திக்குப் போய்விட்டன.

"இன்னாடா சேகரு, இப்டி எளச்சிப் போய்ட்ட? பாஜி வாங்கினு வந்து வெச்சிருக்கேன். ஜல்தி குளிச்சிட்டு வா."

பகல் பதினோரு மணிக்கு கேம்ப் என்கிற கடைவீதிப் பகுதியில் இருந்த கிளினிக்குக்குப் போனோம். கீழே ஒரு பேக்கரி, மேலே கிளினிக். வெண்ணெய் வாசனையில் உட்கார்ந்து கண்ணைக் காட்ட வேண்டும். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, மராத்திக்காரர். என் கருவிழியின் படத்தை எடுத்துக் காட்டினார். மேல்தோலை எடுத்தபின் நானூறு மைக்ரானாவது கனம் மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் உள்ளே போய்க் கண்ணையே கெடுத்துவிடும். உங்களுக்கு நானூற்றுப் பன்னிரண்டு மிஞ்சும் என்று கணக்கு வருகிறது என்றார். போன டிசம்பரில் வேலூரில் எடுத்த கணக்கு நானூற்று முப்பது. அடுத்த மாதம் என்ன இருக்கும் என்று நான் கேட்டேன். அதனால்தான் நாளைக்கு வரச் சொல்கிறேன் என்றார். கசக்காதே, லென்ஸ் போடாதே, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். இவ்வளவுதான் அவர் விதித்த தடைகள்.

கண்ணில் நல்லெண்ணெய் விடாதே என்று சொல்ல ஒரு புனே டாக்டருக்குத் தோன்றாது. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அத்தை பித்தளைக் கிண்ணத்தில் எண்ணெய் காய்ச்சி, இரண்டு மிளகு போட்டு, மணையைப் போட்டுத் தயாராக இருந்தாள்.

"இன்னிக்கி சனிக்கெழம. அதுவும் கண்ணு வேல. சூட்டு ஒடம்போட போனா டாக்டரு இன்னா செய்வாரு? ஒக்காரு."

உட்கார்ந்தேன். ஊரிலும் சனிக்கிழமை என்றால் இதுதான். தலையில் அரக்கித் தேய்த்துவிட்டு, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று இரண்டு கண்ணிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டாள். சீயக்காய், ஆற்காட்டிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை யார் மூலமாவது வரும் அரைத்த சீயக்காய். அதை எனக்காக எடுத்ததில் அவளுக்கு ஒரு பெருமை. தலையை அலசும்போது அதில் கொஞ்சம் வலது கண்ணுக்குள் போனது. எரிந்தது. கசக்கக்கூடாது என்பது நினைவுக்கு வந்தபோது கசக்கி முடித்திருந்தேன்.

பத்து மணிக்கு டாக்டர் கருவி வழியாக என் கண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கேட்காமல் அத்தையைப் பார்த்து, கண்ணில் என்ன விட்டீர்கள் என்று இந்தியில் கேட்டார்.

அத்தை இந்தியில் விளக்கினாள். எண்ணெய், சீயக்காய், சனிக்கிழமை என எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரின் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் சத்தம் போடவில்லை. தலைக்குத் தேய்ப்பதெல்லாம் எனக்கும் தெரியும், கண்ணுக்குள் யார் விடுவார்கள் என்றார். எண்ணெய்ப் படலத்தின் மேல் மருந்து நிற்காது, வெந்து சிவந்த கண்ணில் கத்தி வைக்கவும் முடியாது என்றார். உப்பு நீரால் கண்ணைக் கழுவிவிட்டு, ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். ஞாயிறு பத்து மணிமுதல் வேறு நோயாளிகள் இருக்கிறார்கள். மதியம் கருவியைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். அதற்குமுன் ஏழரைக்கு வா. கண் வெளுத்திருந்தால் செய்கிறேன். இல்லாவிட்டால் அடுத்த மாதம்.

பன்னிரண்டு மைக்ரானை வைத்துக்கொண்டு அடுத்த மாதத்தைப் பற்றி யோசித்தேன். பயமாக இருந்தது. அத்தைமேல் கோபமும் வந்தது, மறைப்பதற்கில்லை. உட்கார் என்றதும் உட்கார்ந்தவன் நான்தான் என்பதால் அதை வெளியே எடுக்க முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அத்தை பேசவில்லை. முப்பது வருஷத்தில் மாமாவே கண்டிராத காட்சி. வீட்டுக்கு வந்ததும் ஜன்னல்களைச் சாத்தினாள், ஆலந்தி ரோட்டுத் தூசி வருமாம். ஊதுவத்தியை அணைத்தாள். அன்று அந்த வீட்டில் தாளிக்கவில்லை. வெங்காயம் நறுக்கவில்லை, மிளகாய் அடுப்புப் பக்கமே போகவில்லை. மாமா வேலையிலிருந்து வந்து தட்டைப் பார்த்தார்: பாவ் என்கிற இந்த ஊர் பன்னும் பாலும்.

"எனக்குமா?" என்றார்.

"ஒங்களுக்குத் தனியா பொக போடணுமா? சும்மா சாப்புடுங்க."

மனிதர் பாவைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். எனக்குக் கோபம் போய்விட்டது.

ஞாயிறு, காலை ஏழரை. பேக்கரி திறந்திருந்தது, கிளினிக்கில் யாரும் இல்லை. டாக்டர் பார்த்தார். "ஓகே," என்றார். அத்தை வாசல் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே சொட்டு மருந்து விடும் பெண்ணின் பெயர் ரேகா. புனேயை ஒட்டிய கட்கியில் பிறந்த தமிழ்ப் பெண். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். அதில் அவளுக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்தாள்.

"அண்ணா, மேல பாரு... பாருங்க. ஹில்னா நை. ஆடக்கூடாது."

மரத்துப்போகச் சொட்டு விட்டபின் சுரண்டுவது வலிக்கவில்லை. யாரோ பக்கத்து அறையில் சுவரைத் துடைப்பதுபோல் ஒரு உணர்வு. பிறகு கனம் அளந்தார்கள். அளவைச் சொல்ல யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. "எவ்வளவு?" என்று கேட்டேன்.

"நானூத்தி நாலு அண்ணா," என்றாள் ரேகா. "பஸ், போதும்."

அரை மணி நேரம் மஞ்சள் சொட்டு. உலகமே மோர்க்குழம்பு நிறமாகிவிட்டது. பிறகு அரை மணி நேரம் ஊதா வெளிச்சம், நடுநடுவே மேலும் சொட்டு. வெளிச்சம் முதலில் மூன்றாகத் தெரிந்தது, பிறகு ஒரே ஊதாக் குளமாகக் கலங்கியது. வெளியே ஒரு தேவாலய மணி அடித்தது. முடிந்ததும் கண்ணுக்குக் கட்டுபோல ஒரு மெல்லிய லென்ஸ் வைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள்.

திங்கள் முதல் புதன்வரை நான் கண்ட புனே இதுதான்: இருட்டு அறை, ஈரத்துணி. மரத்தது தெளிந்தபின் வலி வந்தது. கண்ணுக்குள் மணலைக் கொட்டிச் சாத்திவிட்டதுபோல் இருந்தது. ஆகவே காதால் ஊர் சுற்றினேன். காலையில் சைக்கிளில் "பாவ், பாவ்" என்று கூவிக்கொண்டு போகிறவன், ஆலந்தி ரோட்டில் லாரி, மாடிப்படியில் மராத்தியில் சண்டை, அதில் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லும் அத்தையின் குரல். அறைக்குள் வரும்போது மட்டும் அந்தக் குரல் பாதியாகிவிடும். மருந்து நேரத்தைத் தவிர வேறெதுவும் பேச மாட்டாள்.

வெள்ளிக்கிழமை லென்ஸை எடுத்தார்கள். மேல்தோல் வளர்ந்து மூடிவிட்டது, எல்லாம் சரி என்றார் டாக்டர். படியிறங்கும்போதே அத்தை கேட்டாள்.

"இப்ப நல்லா தெரியுதா?"

"முன்ன மாதிரிதான் அத்தே."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவள் படியிலேயே நின்றுவிட்டாள். "முன்ன மாதிரியேவா? கொஞ்சங்கூட வித்தியாசம் இல்லியா?"

"இல்ல."

வைத்தியம் எதற்கு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆபரேஷன் என்றால் பார்வை வரும் என்று அவள் நினைத்திருக்கிறாள். வரவில்லை என்றால் காரணம் அவளுக்குத் தெரியும்: பித்தளைக் கிண்ணம், இரண்டிரண்டு சொட்டு. பஸ்ஸில் விளக்கிச் சொன்னேன். வீட்டிலும் சொன்னேன். "எனக்கோசரம் சொல்ற," என்றாள். என் பையில் வழிச்சாப்பாட்டை அடைத்தபோது மாமாவிடம் மெதுவாகச் சொன்னது அடுத்த அறையில் எனக்குக் கேட்டது. "என் கையாலயே கெடுத்துட்டேங்க."

மாலை வண்டி தாமதம். புனே ஸ்டேஷனில் இருட்டிவிட்டது. மாமா தண்ணீர் வாங்கப் போனார். பிளாட்பாரத்தின் கடைசியில் சிக்னல் சிவப்பாக எரிந்தது. அத்தையின் தோளைத் தொட்டு அதைக் காட்டினேன்.

"அங்க எத்தினி வெளக்கு அத்தே?"

"ஒண்ணு."

"எனக்கு மூணு. இங்க வர்றதுக்கு வண்டி ஏறினப்பவும் அரக்கோணத்துல மூணுதான். தீபாவளியப்ப ரெண்டு இருந்திச்சி. இங்க வராம இருந்திருந்தா சித்திரையில நாலு, அப்புறம் அஞ்சு. மூணு மூணாவே நிக்கணும்னுதான் ஆயிரம் கிலோமீட்டர் வந்தேன். மூணுக்கு லென்ஸ் போட்டு வேல பாத்துடலாம். அஞ்சுக்கு முடியாது."

அவள் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கும் மூன்று தெரிகிறதா என்று முயன்று பார்ப்பதுபோல் கண்ணை இடுக்கினாள்.

"நாலு ஆவாதா?"

"ஆவாதுன்னுதான் டாக்டர் சொல்றாங்க. போகப் போகத்தான் தெரியும்."

"அப்ப ஊருக்குப் போயி எண்ணிச் சொல்லு," என்றாள்.

வண்டி வந்தது. மறுநாள் அரக்கோணத்தில் இறங்கியபோது நல்ல வெயில். புனேயின் குளிர் குண்டக்கல்லிலேயே இறங்கிப் போய்விட்டிருந்தது. ஊர்களை ஒப்பிட எனக்குத் தகுதியில்லை. அந்த ஊரில் எட்டு நாள் இருந்து ஒரு கோட்டையும் பார்க்கவில்லை, ஒரு மலையும் ஏறவில்லை. இங்கே விசாரிக்கிறவர்கள் எல்லாம் அத்தை கேட்டதையே கேட்டார்கள், முன்ன மாதிரிதான் என்றதும் பாவமாகப் பார்த்தார்கள். மே மாதம் புது லென்ஸ் கிடைத்து மறுபடி மேசைக்குப் போனேன். ஒரு தழும்பு ஒரு தழும்பாகவே தெரிகிறது.

சனிக்கிழமைதோறும், நான் எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு, லென்ஸ் போடுமுன் வெறுங்கண்ணோடு வரும் நேரம் பார்த்து, புனேயிலிருந்து போன் வரும். எண்ணெய் தலையோடு சரி, கண்ணுக்குப் போவதில்லை என்று நான் முதலிலேயே சொல்லியாக வேண்டும். நலம் விசாரிப்பு கிடையாது. எஸ்.டி.டி. காசு.

"எத்தினி?"

"மூணுதான் அத்தே."

"சரி, வெச்சிடறேன்."