அந்தக் கைப்பிடியைத் தைத்தது நான்

என் தங்கையின் கல்யாணத்தைக் குழப்பியது நீங்கள்தான், தலைவர் அண்ணை. சாதகம் இல்லை, ஐயர் இல்லை, மாப்பிள்ளையின் தாய்கூட இல்லை. நீங்கள். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில்.

நடந்ததை இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் ரொறன்ரோ நகரின் நடுவில் ஓர் இத்தாலியத் தோல்பைக் கடையில் வேலை செய்தேன். கடையின் முன்பக்கம் கண்ணாடியும் விளக்குமாக இருக்கும். பின்பக்கம் யன்னல் இல்லாத ஓர் அறை. அறுந்த கைப்பிடி, கழன்ற பூட்டு, பிரிந்த தையல் எல்லாம் அங்கே வரும். நானும் ஓர் இத்தாலியப் பெண்ணும் இருந்து திருத்துவோம். அவள்தான் எனக்கு மேலதிகாரி. என் வயதுதான் இருக்கும்.

அந்தக் கம்பனிக்காரருக்குத் தங்கள் பரம்பரையைச் சொல்ல அலுப்பே வராது. பை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். முதல் பக்கத்தில் கம்பனியைத் தொடங்கியவரின் படம். குதிரைச் சேணம் தைத்தவர். குட்டையான மரவாங்கில் உட்கார்ந்து, தொடை இரண்டுக்கும் நடுவில் ஒரு மரக் கவ்வியை இறுக்கி, அதில் தோலைக் கொடுத்து, இரண்டு கையாலும் நூலை இழுக்கிறார். அவருடைய மகன் பயணப் பெட்டி செய்தார், பேரன் கைப்பை செய்தார் என்று புத்தகம் போகும்.

முதன்முதல் அந்தப் படத்தைப் பார்த்தபோது புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பவும் திறந்து பார்த்தேன். அது என் அப்பா இருக்கிற மாதிரி. யாழ்ப்பாணத்தில் என் அப்பா செருப்புத் தைத்தார். அவருடைய அப்பாவும் அதுதான். அதே கவ்வி, அதே தேன்மெழுகு பூசிய நூல். நூலின் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. குத்தூசி போட்ட ஒரே துளைக்குள் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகவேண்டும். அப்படித் தைத்தால் ஓரிடம் அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். மெஷின் தையல் ஓரிடம் அறுந்தால் நீளத்துக்கு உருவிக்கொண்டு வரும். சோதனைக்குத் தந்த துண்டில் அப்படித் தைத்துக் காட்டியதால்தான் எனக்கு வேலையே கிடைத்தது. எங்கே பழகினாய் என்று இத்தாலியப் பெண் கேட்டாள். ஒரு தொழிற்சாலையில் என்றேன்.

பொய். அந்தப் பொய் எங்களுக்குப் பழகிப்போனது. அப்பா போருக்குள் செத்துப்போனார். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து நானும் தங்கையும் அவர் கடை வைத்திருந்தவர் என்றுதான் சொல்லிவந்தோம். என்ன கடை என்று கேட்டால் சாமான் கடை. மில்லிக்கனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு யாராவது வருவதாக இருந்தால், வேலையால் வந்ததும் தேசிக்காய் வெட்டி விரல் இடுக்கெல்லாம் தேய்ப்பேன், தோல் மணம் போக. என்ன வேலை என்று கேட்டால் இத்தாலியன் கம்பனி என்பேன். அதற்கு நல்ல மரியாதை இருந்தது.

நீங்கள் எங்கள் பக்கத்துத் தமிழர் சங்கத்தின் தலைவர். எங்களுக்கும் நீங்கள்தான் தலைவர். தங்கைக்கு அஜக்ஸ் நகரில் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்ததும் நீங்கள்தான். அதை நான் மறைக்கவில்லை. சாதகம் பொருந்தியது, மண்டபம் பதிந்தாயிற்று, கூறைச்சேலைக்கு நிறமும் பார்த்தாயிற்று.

அந்த நேரத்தில்தான் கடையில் ஒரு சனிக்கிழமை கைவேலை காட்டும் நாள் வைத்தார்கள். பின்னறை மேசையை முன்னுக்குக் கொண்டுவந்து போட்டு, என்னைத் தோல் ஏப்ரன் கட்டி இருத்தினார்கள். இத்தாலியப் பெண் பரம்பரைக் கதை சொல்ல, நான் தைக்கவேண்டும். கம்பனியைத் தொடங்கியவரின் படம் எனக்கு எதிரே ஆள் உயரத்தில் தொங்கியது. கதை முடியும்போதெல்லாம் சனம் கைதட்டியது.

நீங்களும் உங்கள் மனைவியும் வந்தீர்கள். அவர் ஒரு பையைத் தெரிந்தெடுத்தார். கைப்பிடி நீளம், கட்டையாக்கித் தரமுடியுமா என்று கேட்டார். பை என் மேசைக்கு வந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தீர்கள்.

"இஞ்ச பார், மெஷினே இல்லை. உவங்கள் தலைமுறை தலைமுறையாச் செய்யிறவங்கள். அதுதான் உந்தக் கை."

"மெல்லமாக் கதையுங்கோ. ஆளைப் பாத்தா எங்கட ஆள் மாதிரிக் கிடக்கு," என்றார் உங்கள் மனைவி.

நான் நிமிர்ந்தேன்.

"அட, நீரோ தம்பி? இத்தாலியன் கம்பனி எண்டு சொல்ல, நான் நீர் கோட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில இருக்கிறீர் எண்டெல்லோ நினைச்சன்."

"இதுதான் அண்ணை வேலை."

"நல்ல வேலைதானே. உது லேசில வராது. எங்க பழகினனீர்?"

தொழிற்சாலை என்று சொல்லவேண்டியதுதான். எத்தனையோ தரம் சொன்ன சொல். ஆனால் அன்று காலையிலிருந்து அந்தப் படத்துக்குக் கைதட்டு விழுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அப்பாவிட்ட," என்றேன்.

"அப்பா கடையெல்லோ வைச்சிருந்தவர்?"

"செருப்புக் கடை. அவரே தைச்சு விக்கிறவர். அப்பப்பாவும் அதுதான்."

"ஓ," என்றீர்கள். பிறகு, "பட்டணத்தில எவடம்?" என்று கேட்டீர்கள். சொன்னேன். அதற்குமேல் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஊர், ஊரில் எவடம், எந்தக் கோயிலடி என்று எங்கள் ஆட்கள் அடுக்கிக்கொண்டு போவது எதை அறிய என்று எல்லோருக்கும் தெரியும். கேள்வி நின்றால் விடை கிடைத்துவிட்டது.

கைப்பிடியைத் தைத்து முடித்தேன். ஒவ்வொரு பக்கமும் பதினொரு தையல். பையை நீட்டியபோது நீங்கள் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. என் விரல் படாமல் அடியில் கைகொடுத்து வாங்கினீர்கள். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. பிறகு ஆயிரம் தரம் கவனித்துவிட்டேன்.

அடுத்த கிழமை மாப்பிள்ளையின் தாய் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். குரல் வெளியே கேட்டது.

"பிள்ளை, நாங்கள் வேற ஐயர் ஒருத்தரிட்டக் காட்டினனாங்கள். செவ்வாய் சரியில்லையாம்."

"முதல் பாத்தவர் நல்ல பொருத்தம் எண்டவரே, அன்ரி."

"அவருக்கு இப்ப கண் வடிவாத் தெரியிறேல்லையாம், பிள்ளை."

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை தங்கையின் வேலையிடத்துக்கு வந்து, காருக்குள் வைத்து உண்மையைச் சொன்னார். சங்கத் தலைவர் அம்மாவுக்குப் போன் எடுத்தவராம். "நான் சேத்து வைச்ச சம்பந்தம், நாளைக்கு என்னில பழி வரக்கூடாது" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னவராம். அம்மாவை மீற ஏலாதாம். தங்கை காரால் இறங்கி பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தாள்.

அவள் உங்களைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டினாள்.

"உன்னை ஆர் கேட்டது? அந்தப் பொய்யை நான் எவ்வளவு காலமாப் பொத்திப் பொத்தி வைச்சிருந்தன். ஒரு படத்தைப் பாத்திட்டு, அந்த வெள்ளைக்காரனும் எங்கட அப்பாவும் ஒண்டெண்டு நினைச்சிட்டாய் என்ன?"

அவள் சொன்னது சரி. நான் செய்த பிழை அதுதான். அப்படித்தான் நினைத்துவிட்டேன்.

வருட முடிவில் சங்கத்தின் இராச்சாப்பாடு வந்தது. நான் மாட்டேன் என்றேன். "போகாட்டி ஒளிச்சிட்டம் எண்டு சொல்லுவினம்," என்று தங்கைதான் இழுத்துக்கொண்டு போனாள். உங்கள் மனைவி அந்தப் பையோடு வந்திருந்தார். நீங்கள் மேடையில் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னீர்கள்.

"வெள்ளைக்காரனிட்ட ஒண்டு படிக்கவேணும். அவன் தகப்பன்ரை தொழிலைப் பெருமையாச் சொல்லுறான். என்ரை மனுசியின்ரை பையைப் பாருங்கோ. ஒரே குடும்பம், தலைமுறை தலைமுறையா, கையால தைக்கிறது."

உங்கள் மனைவி பையைத் தூக்கிக் காட்டினார். மண்டபம் கைதட்டியது. தங்கையும் தட்டினாள். தட்டி முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிறகு கல்யாணம் செய்யவில்லை. இப்போது விட்பியில் தனியாக இருக்கிறாள். தமிழர் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் போவதில்லை. நான் அந்தக் கடையில் இன்னும் சில வருடம் இருந்தேன். ஒருமுறை உங்கள் மனைவியின் பை திருத்த வந்தது. உள்துணி கிழிந்து, பூட்டு ஆடிக்கொண்டிருந்தது. இரண்டும் இத்தாலியில் செய்தவை. என் தையல் பக்கத்துக்குப் பதினொன்றும் அப்படியே இருந்தன. உள்துணியை மாற்றி, பூட்டை இறுக்கி அனுப்பினேன். உங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திராது.

இப்போது சங்கம் உங்களுக்குப் பாராட்டு விழா வைக்கிறது. விழா மலருக்கு என்னிடமும் நாலு வரி வாழ்த்துக் கேட்டார்கள். இதுதான் என் வரிகள்.

பொன்னாடை போர்த்தி முடிந்ததும் மைக்கைக் கையில் எடுங்கள். மாப்பிள்ளையின் தாய்க்குப் போனில் எங்களை என்ன சொல்லால் சொன்னீர்கள்? அந்தச் சொல்லை அதே மாதிரி மைக்கில் சொல்லுங்கள். அந்தப் பையையும் கொண்டுவந்து மேசையில் வையுங்கள். கைப்பிடியைத் தைத்தது யார் என்று சொல்லுங்கள். அந்த இத்தாலியன் தைத்தால் பரம்பரை, என் அப்பா தைத்தால் என்ன என்றும் சொல்லுங்கள். இந்த ஒரு விழாவுக்கு மட்டும் தங்கையும் வருவாள்; நாங்கள் முன்வரிசையில் இருப்போம். எனக்குத் தனியாகப் போன் எடுத்துச் சமாளிக்க வேண்டாம். போனில் நீங்கள் கதைக்கிற விதம் எங்களுக்குத் தெரியும். மண்டபம் முழுக்கக் கேட்கப் பதில் சொல்லுங்கள்.